போகிற முகம்

சிரிக்காதே என்று சொல்லித்தான் அந்தப் படத்தை எடுத்திருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கனிஷ்கா கேமராவுக்கு முன்னால் சிரிக்காமல் நின்று நான் பார்த்ததில்லை. ஆதார் அட்டைக்குப் படம் பிடித்தபோதுகூட வாயை மூடும்மா, வாயை மூடும்மா என்று பிடித்தவர் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணா இது. டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் ஒட்டியிருக்கிறார்கள், எங்கள் சீட்டுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடலாம். உதடு ஒட்டிக் கிடக்கிறது. கண் எங்கேயோ போய்விட்டது. கீழே பெரிய எழுத்தில், இன்று இந்தப் பேருந்தின் வசூல் முழுவதும் தலசீமியா நோயால் அவதிப்படும் பத்தாம் வகுப்பு மாணவி கனிஷ்காவின் சிகிச்சைக்கு, டிக்கெட் கிடையாது, தங்களால் இயன்றதைத் தட்டில் இடவும். அவதிப்படும் என்று யார் போடச் சொன்னார்கள். நோயுள்ள என்று போட்டால் போதாதா. போதாது போலிருக்கிறது. படத்தையும் பார்க்கிறேன், என் தோளில் சாய்ந்து தூங்கும் முகத்தையும் பார்க்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்து வயதானவள் நான். டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஷேடு ஒன்றுதானா மாறியிருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பாக இருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். எனக்கு ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு. படத்தில் இருப்பது பால். தோளில் இருப்பது சுண்ணாம்பு. படம் பிடித்த அன்றைக்கே ரத்தம் இறங்கித்தான் இருந்தது. இன்றைக்கு அதைவிட மோசம். இதை யாரிடம் சொல்வது. பஸ் நிறைய ஆள். எனக்கு நாலு பேருக்கு நடுவில் வாயைத் திறந்து பழக்கமில்லை. கண்டக்டர் மறந்துவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேனே தவிர, நிறுத்துங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தாராபுரத்திலிருந்து திருப்பூருக்குக் கிளம்பும்போது பஸ்ஸுக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பஸ் முதலாளி தேவராஜ் வந்திருந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கனிக்கு ஒரு சால்வை. நல்ல மனிதர் என்கிறார்கள். நல்ல மனிதர்களை எனக்குச் சட்டென்று நம்ப வராது. கனி பஸ் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டாம் படி ஏற மூச்சு வாங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் தேவராஜ் முகத்தைப் பார்த்தேன். பாவம் என்று பார்த்தாரா, பலே என்று பார்த்தாரா, தெரியவில்லை. இப்போது கண்டக்டர் மயில்சாமி விசிலை வாயில் வைத்துக்கொண்டு தட்டோடு வருகிறான். எவர்சில்வர் தட்டு, மேலே ஒரு சிவப்புத் துணி. ஏறுகிறவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். முதலில் படத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் பொருந்துகிறதா என்று அவர்களும் ஷேடு பார்க்கிறார்கள். பொருந்தியதும் கை பைக்குப் போகிறது. எங்களுக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போலப் பட்டுச் சேலை. அந்தப் புள்ளதானா என்று ஒருத்தி கேட்டாள். அதேதான், மூஞ்சியப் பாரு, வெள்ளக் காயிதமாட்ட இருக்குது என்றாள் மற்றவள். உடனே பர்ஸ் திறக்கும் சத்தம்.  போன வாரமே ரத்தம் ஏற்றியிருந்தால் இந்த முகம் இப்படி இருக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் தவறாமல் ஏற்றுகிறவள். போன வாரம் ஏற்றியிருக்க வேண்டும். ரத்தம் இருப்பு இல்லையாம் பெரிம்மா, அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க என்று போனை வைத்துவிட்டுக் கனிதான் சொன்னாள். இருப்பு இல்லாமல் போவது உண்டு. ஆனால் சரியாக இந்த வாரமா. பேனர் அடித்து, நாள் குறித்து, படத்தை ஒட்டி, அதற்கு முந்தின வாரமா. தேவராஜுக்கு ஆஸ்பத்திரியில் ஆள் தெரியாதா என்ன. பஸ் வைத்திருக்கிறவருக்குத் தெரியாத ஆள் எந்த ஊரில் இருக்கிறான். ஒரு வார்த்தை, ஒரு போன், ஒரு வாரம் தள்ளிப் போடுங்க, புள்ள பஸ்ஸுல வர்ற அன்னைக்குக் கொஞ்சம் சோர்வா இருந்தாத்தான். அவர் இப்படிச் சொன்னதை நான் கேட்கவில்லை. ஆனால் காதுக்குள் கேட்கிறது, அவர் குரலிலேயே கேட்கிறது.

குண்டடம் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் காற்றாலைகள். சில சுற்றுகின்றன, சில நிற்கின்றன. ஒரே காற்றுதானே, இது ஏன் நிற்கிறது என்று கனி எப்போதும் கேட்பாள், திரும்பி வரும்போது. போகும்போது கேட்கமாட்டாள், தூங்கிவிடுவாள். வருஷக்கணக்காக இந்த பஸ்ஸில்தான் போய் வருகிறோம். என் தங்கை ஈஸ்வரிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் தறியை விட்டு வர முடியாது, அதனால் அவள் மகளுக்கு நான்தான் துணை. மயில்சாமி ஒரு தடவை சொன்னான், போறப்ப ஏறுறது ஒரு புள்ள, வர்றப்ப எறங்குறது வேற புள்ள, ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துடறாங்களாட்ட இருக்குதுங்க்கா. பஸ்ஸே சிரித்தது. ரத்தம் ஏறினால் அப்படித்தான். காது மடல் முதலில் சிவக்கும், அப்புறம் நகத்துக்கு அடியில், அப்புறம் உதடு. உதடு சிவந்ததும் வாய் திறந்துவிடும். பரோட்டா வேண்டும், ஜன்னல் சீட்டு வேண்டும், பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் எப்படி நடப்பாள் என்று நடந்து காட்ட வேண்டும். உதடு. அந்த உதட்டை நினைத்தால் போன ஆடி மாதம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இவளுக்காக ஒரு விழா வைத்தார்கள், பாட்டு, நடனம், வாசலில் உண்டியல். அதற்கு முந்தின நாள்தான் ரத்தம் ஏற்றியிருந்தோம். மேடையில் போய் நின்றாள், மூச்சு வாங்காமல், செம்பருத்தி மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்து ஆளிடம் சொன்னாள், இந்தப் புள்ளைக்கா நோவு, நம்ம புள்ளையவிடத் தெளிவா இருக்குதே. அதற்கு மற்றவள், லிப்ஸ்டிக் வேற. மேடை எட்டடி தூரம்கூட இல்லை. கனி புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அது யாரோ கொடுத்த ரத்தம், துடைத்தால் எப்படிப் போகும். அன்றைக்கு உண்டியல் கலகலவென்று ஆடியதே தவிரக் கனக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எந்த டீச்சரைப் போலவும் அவள் நடந்து காட்டவில்லை. ரத்தம் ஏற்றிய பிறகும் பேசாமல் வந்தது அந்த ஒரு நாள்தான். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, அசதி என்று ஒதுக்கி வைத்துவிட்டேன்.

தோளில் ஏதோ இடிக்கிறது. பஸ் குலுக்கல் என்றுதான் நினைத்தேன். இல்லை, சாலை வழவழவென்று இருக்கிறது. இவள் நெஞ்சு. என் தோள் வழியாகத் தெரிகிறது, தையல் மிஷின் வேகமாக ஓடுகிற மாதிரி. ரத்தம் குறைந்தால் இருக்கிறதை வைத்து ஓட்ட நெஞ்சு இரண்டு பங்கு உழைக்கும் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். ஹீமோகுளோபின ஒன்பதுக்குக் கீழே இறங்க விடாதீங்க, ஆபரேஷன் வரைக்கும் இந்த நெஞ்சைப் பத்திரமா வெச்சிருக்கிறதுதான் உங்க வேலை. அந்த ஆபரேஷனில் எலும்பு மஜ்ஜையை மாற்றினால் இனி வாழ்நாளுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டாமாம், தானாக ஊறுமாம். பொருந்துகிற மஜ்ஜை இவள் அக்காவிடமே இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே, நடமாடிக்கொண்டு. இல்லாதது பணம்தான். அதற்குத்தான் இந்த பஸ், இந்தத் தட்டு. பணம் சேர்கிற நாளில் நெஞ்சு சரியில்லை என்று டாக்டரம்மா கையை விரித்தால். அந்த நினைப்பை மேலே போக விடவில்லை. கீழிமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊறிப்போன அவல் மாதிரி இருந்தது. என்ன பெரிம்மா என்று முனகினாள். ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு. அவளுக்குத் தெரியாதா நான் எதைப் பார்க்கிறேன் என்று. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இன்று முகத்தை என் பக்கம் காட்டாமல் ஜன்னல் பக்கமே வைத்திருக்கிறாள். காலையில் குளித்துவிட்டு வந்ததும் பவுடர் போடுவாள், இன்று போடவில்லை. பொட்டுகூடச் சின்னதாக, கறுப்பில். சால்வை கொடுத்தபோது தேவராஜ் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், அப்போதும் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்காதே என்று சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், யாரும் சொல்லவில்லை. இது என்ன, நூல் எங்கேயோ இழுபடுகிறது. எங்கே என்று தெரியவில்லை. துணியில் ஓட்டை இருந்தால் முதலில் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான்.

அவிநாசிபாளையத்தில் மன்சூர் ஏறினான். நான் வேலை பார்த்த கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கனிக்கு முறை வைத்து ரத்தம் கொடுக்கிற நாலைந்து பேரில் ஒருவன். அவர்கள் கொடுத்தால் ஆஸ்பத்திரி தன் இருப்பிலிருந்து இவளுக்குப் பொருந்துகிற பையைத் தரும். இந்தத் தடவை அவன் முறைதான். ரத்தமே இல்லையென்றால் இவனிடம் அல்லவா முதலில் கேட்டிருப்பார்கள் என்று அவன் படியேறும்போதே எனக்குத் தோன்றியது, அதற்குள் அவன் பேனரைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டான். தட்டில் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கனியைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"என்னங்கம்மா இப்படி இருக்கு? இன்னும் ஏத்தலையா?"

இருப்பு இல்லையாமே தம்பி என்றேன். அவன் விழித்தான். இல்லையே, அவன் போன செவ்வாய்க்கிழமையே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தானாம். கனிதான் போன் பண்ணினாளாம்.

"இந்த வாரம் வேண்டாண்ணா, அடுத்த வாரம் வாங்கன்னுச்சு. ஆஸ்பத்திரியிலயும் சொல்லிட்டேன்னுச்சு. பரீட்சை போலன்னு நெனச்சேன்மா."

  தோளில் இருந்த தலை கனத்தது. தூங்குகிற தலைக்கு ஒரு கனம் உண்டு, தூங்குவது போல இருக்கிற தலைக்கு வேறு கனம். நெஞ்சு முன்னைவிட வேகமாக ஓடுகிறது. இமைக்குள்ளே கண்மணி அசைகிறது. கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் கை ஓட்டையில் பட்டது. ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்குக் கீழே விரித்தேன். ரத்தம் இல்லை என்று சொன்னது யார், கனி. ஆஸ்பத்திரிக்குப் போன் பேசுவது யார், கனி, போனில் புது ஆளிடம் பேசக் கூச்சப்பட்டு நான்தான் அவளிடம் தள்ளிவிடுவேன். பஸ் போய்த் திரும்பும் ஒவ்வொரு நடைக்கும் நாள் முழுக்க வந்து உட்காரச் சொல்லி முதலாளி வற்புறுத்துகிறார் என்று சொன்னது யார், கனி. படத்துக்குச் சிரிக்காமல் நின்றது யார், கனி. தேவராஜைப் பற்றி நான் நெய்து வைத்திருந்த துணி முழுவதற்கும் நூல் ஒரே வாயிலிருந்து வந்திருக்கிறது. அந்த மனிதர் குரலை என் காதுக்குள் வைத்து நான் பேசவிட்டேனே, அது அவர் குரலே இல்லை. பதினைந்து வயதுப் பெண் ஒரு வாரமாகத் தன் உடம்பில் ரத்தம் வற்றுவதைப் பார்த்துக்கொண்டு, காலையில் கண்ணாடியில் ஷேடு பார்த்து, இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று.  கோபம் வர வேண்டும், வரவில்லை. பயம்தான் வந்தது. இவள் இனி எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவேன். வலிக்கவில்லை என்றால், சாப்பிட்டேன் என்றால், மாத்திரை போட்டேன் என்றால்.

கோவில்வழி வந்துவிட்டது. இனி ஊர் ஆரம்பம். பனியன் கம்பெனி வேன்கள், பேக்கரி, டீக்கடை. இன்னும் கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் ஆஸ்பத்திரி. பின் சீட்டுப் பெண்கள் பாவம், பாவம் என்று பேசிக்கொண்டு வருகிறார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை, மயில்சாமி கடைசிப் படிக்கட்டில் தட்டோடு மாட்டிக்கொண்டிருக்கிறான்.

"கனி, எந்திரி," என்றேன் மெதுவாக. "ஆஸ்பத்திரியில எறங்குறோம். மன்சூர் கூட வர்றான்."

தூக்கத்திலிருந்து எழுந்தவள் கண் இவ்வளவு தெளிவாக இருக்காது.

"கடைசி நடை முடியட்டும் பெரிம்மா. நாளைக்கு ஏத்திக்கிறேன். சத்தியமா."

"இப்ப."

"செவப்பா இருந்தா ஒருத்தரும் போடமாட்டாங்க பெரிம்மா." குரல் காற்று மாதிரி வந்தது. "அன்னைக்கு நீங்களும் கேட்டீங்கல்ல. ஏமாத்துறேன்னு சொல்லுவாங்க. இன்னைக்குப் பாருங்க, எல்லாரும் போடுறாங்க."

"பணம் சேந்து ஆள் இல்லீன்னா, ஆபரேஷன் யாருக்கு கண்ணு?"

கனி சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நகமெல்லாம் மெழுகு. ஜன்னலில் ஆஸ்பத்திரியின் நீளச் சுவர் ஓட ஆரம்பித்துவிட்டது. பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. மயில்சாமி விசில் ஊதவில்லை, அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. சுவர் முடியப்போகிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வரலாம், எப்போதும் போல. இவள் நடப்பாளா. படி ஏறவே மூச்சு வாங்கினவள். எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க!"

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையெல்லாம் மேலே விழ விழ முதுகில் வேர்வை இறங்கியது. என்னுங்க்கா, என்னாச்சு என்று மயில்சாமி ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தான். புள்ளைக்கு ரத்தம் ஏத்தணும், எறங்குறோம் என்றேன். அவன் கனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"போன வாரமே ஏத்தியாச்சுன்னு மொதலாளிகிட்ட இந்தப் புள்ளதானுங்களே சொல்லுச்சு. படம் மட்டும் போதும், நீ வர வேண்டாம், அலைச்சல்னுதான் அவரு சொன்னாரு. ஏத்தியாச்சு, தெம்பா இருக்கேன்னு சொன்னதாலதான் சரின்னாரு."

இதுவும் அவள் வாயிலிருந்துதான். கனி தலையைத் தூக்கவில்லை. நான் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மன்சூர் அவளைத் தாங்கி இறக்கிவிட்டான். பின் சீட்டுப் பெண்களில் ஒருத்தி ஜன்னலுக்கு வந்து, பாதியிலயே எறங்குறாங்க பாரு, என்னமோ இருக்குது என்றாள். சந்தேகப்படட்டும். நானும் அப்படித்தான் பட்டிருப்பேன். மயில்சாமி எங்களோடு படி வரை இறங்கி வந்தான். விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே கனியிடம் சொன்னான்.

"எங்க மொதலாளிக்கு இந்த நெனப்பு எப்ப வந்துச்சு தெரியுமா சாமி? சித்திரையில ஒரு நாள் சாயங்கால நடையில அவரு வந்தாரு. யாருன்னு தெரியாம, இது என்னோட சீட்டுங்கன்னு ஜன்னலோரத்துல இருந்து அவர எழுப்பிவிட்ட. தாராபுரம் வர்ற வரைக்கும் அவருகிட்ட ஓயாத பேச்சு. நீ எறங்குனதுக்கு அப்புறம் நான் வெவரம் சொன்னேன். இந்தப் புள்ளைக்கா நோவுன்னு கேட்டுட்டு, பஸ்ஸுலயே கண்ணத் தொடச்சாரு."

விசில் அடித்தான். பஸ் கிளம்பியது. பஸ்ஸின் பக்கவாட்டில் கட்டிய பேனரில் அந்தச் சிரிக்காத முகம் எங்களைத் தாண்டிக்கொண்டு போனது. அந்த நடைக்கு இனி எவ்வளவு விழும், விழாமல் போகும், தெரியாது. கனி பஸ் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். மன்சூர் முன்னால் நடந்தான். வாசலுக்குள் போகும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சாயங்கால நடைக்கு நாம ஏறுவமா பெரிம்மா?"

"ஏறுவோம்."

"இந்த மூஞ்சி இருக்காதே."

"இருக்காது."

நாலு எட்டு நடந்தாள். அப்புறம், சரி, ஏத்திக்கிறேன் என்றாள். கையை உதறிப் பார்த்தாள்.

"கைய விடுங்க பெரிம்மா. ஓடியா போயிருவேன்?"

நான் விடவில்லை. பிடித்த இடத்தில், என் விரலுக்கு அடியில், நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.